மூக்கு ஸ்பிரேயா, ஊசியா? இலவச நலாக்சோன் கிட்: எதை எடுப்பது, எங்கே வாங்குவது, எப்படிப் பழகுவது

மறுவாழ்வு மையத்திலிருந்து மகன் வீடு திரும்பியிருக்கிறான். அல்லது முதுகு வலிக்காக அம்மா மாதக்கணக்கில் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மாத்திரை சாப்பிடுகிறார். அல்லது ஒரு தங்கும் விடுதிக்கோ சமூகக் கூடத்துக்கோ நீங்கள் பொறுப்பு. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து நலாக்சோன்; அதன் கிட் ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பல ஊர்களில் இலவசமாகவே தருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். விசாரிக்கப் போனால் ஸ்பிரே, ஊசி, 4 மி.கி., 8 மி.கி., மருந்துக்கடை, தொண்டு அமைப்பு, தபால், ஆன்லைன் வகுப்பு என்று தலை சுற்றும் அளவுக்கு வழிகள். எதை எடுப்பது என்று யோசித்தே பலர் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். அந்த யோசனையைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஓவர்டோஸ் ஆனவர், அதாவது அளவு மீறி எடுத்துவிட்டவர், தனக்குத்தானே நலாக்சோன் கொடுத்துக்கொள்ள முடியாது, அவர் நினைவில்லாமல் கிடப்பார். கிட்டைத் திறக்கப்போவது பக்கத்தில் இருக்கும் இன்னொருவர். அதனால் "யாருக்காக வாங்குகிறோம்" என்பதோடு "யார் கையால் கொடுக்கப்போகிறோம்" என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில்தான் எந்தக் கிட் என்பதைத் தீர்மானிக்கும்.

## இந்த மருந்தால் எது முடியும், எது முடியாது

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், ஆக்சிகோடோன், மெத்தடோன், டிராமடால் எல்லாமே ஓபியாய்டுகள். மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் (மருந்து வந்து ஒட்டும் இடங்களில்) போய் ஒட்டுகின்றன. அளவு மீறினால் "மூச்சு விடு" என்று மூளை தரும் கட்டளை மங்கிப்போகிறது. மூச்சு குறைந்து, பிறகு நின்று, ஆக்சிஜன் கிடைக்காமல்தான் உயிர் போகிறது. நலாக்சோன் அதே ஏற்பிகளில் இன்னும் பலமாக ஒட்டி ஓபியாய்டைத் தள்ளிவிடுகிறது. உடம்பில் ஓபியாய்டு இல்லையென்றால் அதற்கு அங்கே வேலையும் இல்லை. மயக்கத்துக்குக் காரணம் வேறாக இருந்து தவறிக் கொடுத்துவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை.

புது மருந்து அல்ல. அமெரிக்காவில் 1971-லேயே அனுமதி பெற்றது. ஆனால் வெகுகாலம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1996-ல் சிகாகோவில் ஒரு தன்னார்வக் குழு போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்து 2011-ல் அதை நாடு தழுவிய திட்டமாக்கியது. ஓவர்டோஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ள யாருக்கும் இந்த மருந்தும் அதைக் கொடுக்கும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

மனதில் வைக்க வேண்டிய வரம்புகள் இரண்டு. மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை நாம்தான் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அப்புறம், அதன் பலன் 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே போன ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் தங்கினால், எழுந்து உட்கார்ந்தவர் மறுபடியும் மூச்சடைத்துச் சாயலாம். எந்தக் கிட்டை எடுத்தாலும் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது இவற்றைத்தான். கை நடுங்கும்போதும் கொடுக்க முடியுமா? முதல் டோஸ் போதாமல் போனால் அடுத்தது கையில் இருக்குமா? ராத்திரி இரண்டு மணிக்கு கிட் எட்டும் இடத்தில் இருக்குமா? வாங்கும்போது பெயர் எங்காவது பதிவாகிறதா? தீர்ந்தபின் மறுபடி வாங்குவது சுலபமா? கிட்டோடு சேர்த்து மூச்சுக் கொடுக்கவும் யாராவது கற்றுத்தருகிறார்களா?

விலையை நான் பட்டியலில் வைக்கவில்லை. இலவசக் கிட்டிலும் செலவு உண்டு, ஆனால் அது பணமாக இருக்காது.

## மூக்கு ஸ்பிரே

பரவலாகக் கிடைப்பது 4 மி.கி. ஸ்பிரே, ஒரு பெட்டியில் இரண்டு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1.8 மி.கி. ஸ்பிரேயும் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, உங்கள் விரல்கள் அவர் மூக்கைத் தொடும்வரை நுனியை உள்ளே விட்டு, அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் போதும். அவர் மூச்சை இழுக்க வேண்டியதில்லை, மூக்கின் உட்தோலே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

பயிற்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு ஒன்று இருக்கிறது. சளிக்கு அடிக்கும் ஸ்பிரே போல, "வருகிறதா பார்ப்போம்" என்று காற்றில் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். ஒரு ஸ்பிரேயில் ஒரே ஒரு டோஸ்தான் உண்டு. சோதித்துப் பார்த்தால் அதோடு தீர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் நேராக மூக்குக்கே கொண்டுபோக வேண்டும்.

ஊசியைப் பார்த்தாலே கை விறைத்துப்போகிறவர்கள், வயதானவர்கள், பதின்வயதுப் பிள்ளைகள் எல்லோராலும் ஸ்பிரேயைக் கொடுக்க முடியும். மறைமுகச் செலவு என்னவென்றால் எண்ணிக்கை. இரண்டு டோஸோடு பெட்டி காலி. ஸ்பிரே விலை கூடியது என்பதால் (2023-ல் அமெரிக்கக் கடைகளில் மருந்துச் சீட்டில்லாமல் விற்கத் தொடங்கியபோது இரண்டு ஸ்பிரே சுமார் 45 டாலர்) இலவசமாகக் கொடுக்கும் அமைப்புகளும் எண்ணித்தான் கொடுக்கின்றன. இன்னொன்று, 0.4 மி.கி. ஊசியைவிட 4 மி.கி. ஸ்பிரே கணிசமாக அதிக மருந்தை ரத்தத்தில் சேர்க்கிறது. ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பு திடீரென்று அதை இழக்கும்போது வாந்தி, நடுக்கம், உடம்பு வலி, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். உயிருக்கு முன்னால் அது பெரிதல்ல. ஆனால் எழுந்தவர் ஏன் நம்மீது சீறுகிறார் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை வரும்.

## ஊசி

0.4 மி.கி. மருந்து 1 மி.லி. அளவில் சின்னக் குப்பியிலோ, கழுத்தை முறித்துத் திறக்கும் கண்ணாடி ஆம்பூலிலோ இருக்கும். அதை சிரிஞ்சில் இழுத்து, தொடையிலோ தோள்பட்டைத் தசையிலோ போட வேண்டும். ஆடைக்கு மேலேயே குத்தலாம், நரம்பு தேட வேண்டியதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2012 முதல் கொடுத்துவரும் கிட்டில் மூன்று ஆம்பூல், குத்தியதும் ஊசி தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் மூன்று சிரிஞ்சு, கையுறை, மூச்சுக் கொடுப்பதற்கான முகத்திரை ஆகியவை இருக்கும். பிரிட்டனில் ஏற்கனவே மருந்து நிரப்பிய 2 மி.லி. சிரிஞ்சு கிடைக்கிறது. அதில் ஐந்து டோஸுக்குக் கோடு போட்டிருக்கும்.

ஊசியின் பலம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பது. மூச்சு திரும்பும் அளவுக்கு மட்டும் கொடுத்து நிறுத்தினால், எழுகிறவருக்கு அவதி குறைவு. மலிவு என்பதால் கூடுதல் டோஸும் கிடைக்கும். ஆனால் பதற்றத்தில் ஆம்பூலின் கழுத்தை உடைப்பது லேசான காரியமில்லை. தலைப்பகுதியில் உள்ள மருந்தைத் தட்டிக் கீழிறக்கி, துணியையோ கிட்டில் தரும் உறையையோ சுற்றிப் பிடித்து, உங்கள் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கமாக முறிக்க வேண்டும். பழகாத கை அதைக் கோட்டைவிடும், விரலையும் வெட்டிக்கொள்ளும். பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு கெட்டியான டப்பாவும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஊசியை எங்கே வைப்பது என்றும் யோசிக்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது இன்சுலின் போட்டுப் பழகியவர்கள், செவிலியர்கள், தாங்களே ஊசி வழியாக போதைப்பொருள் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது தயக்கமில்லாத தேர்வு. அவர்கள் கைக்கு ஏற்கனவே வேலை தெரியும்.

| | மூக்கு ஸ்பிரே | ஊசி |
|---|---|---|
| பழகாத கைக்கு | சுலபம் | கடினம் |
| இலவசக் கிட்டில் டோஸ் | பெரும்பாலும் 2 | பெரும்பாலும் 3 அல்லது கூடுதல் |
| அளவைக் கூட்டிக் குறைக்க | முடியாது | முடியும் |
| எழுந்தபின் அவதி | கூடுதலாக இருக்கலாம் | குறைவாக வைக்கலாம் |
| கவனிக்க வேண்டியது | சோதித்து அழுத்தக்கூடாது | கண்ணாடி, ஊசி, டப்பா |

8 மி.கி. ஸ்பிரே பற்றியும் கேட்கிறார்கள். ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமானது என்பதால் மருந்தும் இரட்டிப்பாக வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நியூயார்க் மாநிலக் காவலர்கள் களத்தில் 4 மி.கி., 8 மி.கி. இரண்டையும் பயன்படுத்தியதை ஒப்பிட்டு 2024-ல் வந்த ஆய்வில், பிழைத்தவர்கள் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 8 மி.கி. பெற்றவர்களிடம் வாந்தி உள்ளிட்ட அவதிகள்தான் அதிகம். இலவசமாக நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அதைத் தேடி அலையத் தேவையில்லை.

## மருந்துக்கடையில் வாங்குவது

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் மருந்துச் சீட்டும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். கனடாவின் பல மாகாணங்களிலும் மருந்துக்கடையில் கேட்டால் இலவசமாகத் தருகிறார்கள். நேரம், இடம் இரண்டும் தோதாக இருக்கும் என்பதால் பலருக்கு முதல் கிட் இங்கிருந்துதான் வருகிறது.

கஷ்டம் என்னவென்றால், எல்லாக் கிளையிலும் இருப்பு இருக்காது, போவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். கவுன்டரில் தரும் விளக்கம் சில நிமிடம்தான், பின்னால் வரிசை நிற்கும். அப்புறம், பெயர். சில இடங்களில் உங்கள் மருந்துப் பதிவில் நலாக்சோன் ஏறிவிடும். 2018-ல் அமெரிக்காவில் ஒரு செவிலியர், மற்றவர்களுக்கு உதவலாம் என்று நலாக்சோன் வாங்கி வைத்திருந்ததால் ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. அதற்குப் பிறகு சில மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் இப்படி மறுக்கக்கூடாது என்று விதி வந்தது. கேட்பதில் தப்பில்லை: "என் பெயரில் பதிவாகுமா? பதிவில்லாமல் வாங்க முடியுமா?"

## தொண்டு அமைப்பில் வாங்குவது

பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் மையங்கள், போதைப்பொருள் பயன்படுத்துபவர்களோடு வேலை செய்யும் அமைப்புகள் இந்த வகை. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், காரணத்தையும் சொல்கிறேன். பெரும்பாலும் பெயர் கேட்க மாட்டார்கள். தீர்ந்துபோய் மறுபடி போனால் "என்ன ஆயிற்று" என்று அக்கறையோடு விசாரிப்பார்கள், விசாரணை போல இருக்காது. கூடுதல் டோஸ் தருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நலாக்சோனைத் தன் கையால் கொடுத்து ஓர் ஆளை எழுப்பியவர் அங்கே யாராவது இருப்பார். எந்தக் கையேட்டிலும் இல்லாததை அவர் சொல்லுவார்.

ஆனால் திறந்திருக்கும் நேரம் குறைவு. நிதி நின்றால் மையமும் நிற்கும். அந்த வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற கூச்சம் பல பெற்றோரைத் தடுக்கிறது. அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. முதல் தடவை தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

## தபாலும் பொது இடப் பெட்டியும்

மையமே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும், யாரிடமும் முகம் காட்ட விரும்பாதவர்களுக்கும் தபால் உதவும். சில அமைப்புகள் ஆன்லைனில் ஒரு சின்னப் பயிற்சியை முடித்தவுடன் வெளியே எதுவும் எழுதாத உறையில் அனுப்புகின்றன. ஆபத்து நாளைக்கே வரலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் தபாலுக்குக் காத்திருக்கக்கூடாது. உறைபனியிலோ கொளுத்தும் வெயிலிலோ தபால் பெட்டிக்குள்ளேயே கிடக்கவும் விடக்கூடாது.

சுவரில் மாட்டிய பெட்டிகளும் தானியங்கி இயந்திரங்களும் எந்த நேரமும் திறந்திருக்கும், ஆனால் காலியாகவும் இருக்கலாம். அவற்றைக் கூடுதல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பயிற்சி: கவுன்டரா, ஆன்லைனா, நேரடி வகுப்பா

கிட்டைப் பற்றி இவ்வளவு கேட்பவர்கள் பயிற்சியைப் பற்றிக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பயிற்சியையும் மூக்கு வழி நலாக்சோனையும் சேர்த்துக் கொடுத்த ஊர்களைப் பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. திட்டமே இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால், ஓரளவு பேர் சேர்ந்த ஊர்களில் ஓவர்டோஸ் மரண விகிதம் 27 சதவீதமும், அதிகம் பேர் சேர்ந்த ஊர்களில் 46 சதவீதமும் குறைவாக இருந்தது. அங்கே யாருக்கும் வெறும் பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கவுன்டர் விளக்கம் மருந்தைக் கொடுக்கும் விதத்தை மட்டும் சொல்லும். ஆன்லைன் வகுப்பு அறிகுறிகளையும் வரிசையையும் நன்றாகவே சொல்லும். விரும்பியபோது திரும்பப் பார்க்கலாம், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டலாம். ஆனால் பொம்மையின் தலையைச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து நொடிக்கு ஒரு தடவை ஊதி, நெஞ்சு எழும்புவதைக் கண்ணால் பார்த்துப் பழகுவது நேரடி வகுப்பில்தான். நெஞ்செலும்பின் மேல் விரல்முட்டிகளால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தால் தூங்குகிறவர் எழுவார் என்பதும் செய்து பார்த்தால்தான் தெரியும். பலர் மெதுவாகத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

வகுப்பில் கேட்டே ஆக வேண்டிய ஒரு விஷயம் நிறம். உதடு நீலமாகும் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தில், கறுத்த நிறத்தில் நீலம் அப்படித் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல, வெளிறிப்போனதுபோல இருக்கும். கீழுதட்டை மடக்கி உட்புறத்தையும் நகங்களின் அடியையும் பார்க்க வேண்டும். கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்கியிருக்கும். தொண்டையில் கரகரவென்று ஒரு குறட்டை வரும். அதைக் கேட்டு "அசந்து தூங்குகிறான், தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ், நலாக்சோன், மூச்சு. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு சீராகவில்லை என்றால் அடுத்த டோஸ், ஸ்பிரேயானால் மறு மூக்கில். மூச்சு வந்தபின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள்.

தூக்க மருந்தோ வேறு மயக்கப் பொருளோ கலந்திருந்தால் மூச்சு திரும்பினாலும் கண் திறக்காமல் இருக்கலாம். நமக்கு வேண்டியது மூச்சுதான். எழுந்து உட்காரவில்லையே என்று டோஸ்மேல் டோஸ் கொடுக்கத் தேவையில்லை.

நேரடி வகுப்புக்கும் செலவு உண்டு. ஒன்றிரண்டு மணி நேரம், அவர்கள் வைக்கும் தேதி. உங்கள் மொழியில் இல்லாமலும் போகலாம். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் பாட்டிதான் என்றால், கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர். வகுப்புக்குப் போய்வந்தவர், அங்கே தரும் மருந்தில்லாத பயிற்சி ஸ்பிரேயை வாங்கி வந்து, பாட்டி கையால் செய்யவைக்கட்டும். வகுப்பு அடுத்த மாதம்தான் என்றால் கிட்டை இன்றைக்கே வாங்கிவிட்டு, இப்போதைக்கு ஆன்லைனில் பாருங்கள்.

## யாருக்கு எது

மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவர் வீட்டில் இருந்தால், ஆபத்து கூடுதலாக இருப்பது இந்த முதல் வாரங்களில்தான். இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே இப்போது உயிரைப் பறிக்கும். ஸ்பிரே, அதுவும் தொண்டு அமைப்பிலிருந்து இரண்டு பெட்டியாக, வீட்டில் எல்லோருக்கும் பயிற்சியோடு. கிட் எங்கே இருக்கிறது என்று அவரிடமே சொல்லுங்கள். "நீ மறுபடி எடுப்பாய் என்று நினைக்கிறோம்" என்ற அர்த்தத்தில் இல்லாமல், "நீ எங்களுக்கு வேண்டும்" என்ற அர்த்தத்தில். குளியலறைக் கதவை உள்ளிருந்து தாழ் போடாமல் இருக்க ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். தாழ் போட்ட கதவுக்கு வெளியே எந்தக் கிட்டாலும் உதவ முடியாது.

வலிக்காக மருத்துவர் எழுதித்தந்த ஓபியாய்டு சாப்பிடுபவர் வீட்டில், அந்த மாத்திரையை வாங்கும்போதே மருந்துக்கடையில் ஸ்பிரேயும் கேட்டு வாங்குவது எளிது. குழந்தைகள் கையில் மாத்திரை கிடைக்கும் அபாயத்துக்கும் அதுவே துணை. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபின் எடுப்பவர் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நலாக்சோன் கொடுத்த உடனே அந்த வலி முழுசாகத் திரும்பிவிடும்.

வெளியே போகும்போதும் கிட்டை எடுத்துச் செல்பவர்கள் ஸ்பிரேயைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். 4 மி.கி. ஸ்பிரேயை 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், கொஞ்ச நேரம் 40 வரை தாங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரியைத் தாண்டினால் உறைந்துவிடும்.

விடுதி, கூடம் போன்ற இடங்களின் பொறுப்பாளர்கள் இரண்டு வகையையும் வைத்திருப்பது நல்லது. யார் வேலையில் இருந்தாலும் கொடுக்க ஸ்பிரே, அது போதாமல் போனால் பயிற்சி பெற்றவர் தொடர்ந்து கொடுக்க ஊசி. பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். உதவிக்கு அழைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவையுங்கள். கனடாவில் 2017 முதல், ஓவர்டோஸுக்கு ஆம்புலன்ஸை அழைப்பவர்மீது சிறு அளவு போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் உண்டு. போலீஸ் வருமே என்ற பயத்தில் போனைக் கீழே வைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள். 4 மி.கி. ஸ்பிரேயின் ஆயுளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் மூன்று ஆண்டிலிருந்து நான்காக நீட்டியது. தேதி தாண்டியதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தயங்காமல் மாற்றித்தருவார்கள். ஆனால் ஆள் மூச்சில்லாமல் கிடக்கும்போது கையில் இருப்பது தேதி தாண்டிய ஸ்பிரே மட்டும்தான் என்றால், அதையே கொடுங்கள்.